காற்றுக்கு நிற்கிற அடுப்பு

“ஃபேனை இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டு வாங்க தம்பி” என்றார் நர்ஸம்மா.

ரேடியோ ஃபேனைத் தூக்கி நகர்த்தினான். மலையேறப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கும் அந்தக் கடையில் அவனுக்கு ரேடியோ என்றுதான் பேர். வாயைத் திறந்தால் மூட மாட்டான். அப்பேர்ப்பட்டவனுக்கே இன்றைக்குத் தொண்டை வற்றிவிட்டது.

வருகிறவர்கள் அடுப்பு கைக்கு அடக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். காற்றுக்கு நிற்கிறதா, நிற்காதா என்று கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது இந்த அம்மாதான். அதனால்தான் பின்வாசல் சிமெண்டுத் தரையில் அடுப்பும் எதிரில் டேபிள் ஃபேனுமாக இந்தக் கூத்து.

ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து நேரே வந்திருந்தார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. அடுப்பு அவருக்கில்லை, கணவருக்கு. கணவர் மலைமலையாக அளந்தே ரிடயரான சர்வேயர். வருஷத்துக்கு ஒரு தடவை மலைமேல் கூடாரம் போட்டு, ஒரு வாரம் தன்னந்தனியாக இருந்துவிட்டு வராவிட்டால் மனுஷருக்குத் தூக்கம் வராது. இந்த வருஷம் மாரடைப்பு வந்து பிழைத்து எழுந்திருக்கிறார். அப்படியும் நாளைக் காலையில் கிளம்புகிறாராம்.

“ஏறுறதுகூடப் பரவாயில்ல தம்பி, நின்னு நின்னு மெதுவா ஏறிடுவார். அங்க போன் எடுக்காது. ராத்திரி நெஞ்சு வலிச்சா அந்த மனுஷர் யாரைக் கூப்பிடுவார்?”

டாக்டர் திட்டியாயிற்று, பிள்ளைகள் கெஞ்சியாயிற்று, இரண்டு வேளை பட்டினி கிடந்தும் பார்த்தாயிற்று என்றார். ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவள் பேச்சை வீட்டில் கேட்க ஆளில்லை என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

ரேடியோவுக்கு மனசு இளகிவிட்டது. சர்வேயரைத் தடுக்க அவனால் ஆகாது. இருப்பதிலேயே நல்ல அடுப்பாகப் பார்த்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். அங்கே போய்ச் சமையல் எல்லாம் செய்வாரா என்று விசாரித்தான்.

“ரொட்டி, பழம், வேகவெச்ச முட்டை எல்லாம் நானே கட்டிக் கொடுத்துடுவேன். டீ மட்டும்தான் அங்க போட்டாகணும். எழுந்தா ஒண்ணு, உட்கார்ந்தா ஒண்ணு. டீ இல்லாம அவருக்கு ஒண்ணும் ஓடாது.”

முதலில் அவன் பற்றவைத்தது சின்ன கேஸ் டின்னின் தலையில் திருகிக்கொள்ளும் சாதாரண அடுப்பு. ஃபேனைப் போட்டதுமே பொசுக்கென்று அணைந்துவிட்டது.

“மறுபடி பத்த வெச்சா?” என்று கேட்டார் நர்ஸம்மா.

காற்று இருக்கிறவரைக்கும் திரும்பத் திரும்ப அணையும் என்று உண்மையைச் சொன்னான். அந்த அம்மா குனிந்து அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடை மானம் போகிறதே என்று ரேடியோ அதை அவசரமாக அலமாரிக்குள் தள்ளி மூடினான்.

அடுத்ததற்குச் சுற்றிலும் தகட்டுத் தடுப்பு இருந்தது. சுடர் ஆடியதே தவிர அணையவில்லை. அந்த அம்மா கையில் எடுத்துப் பார்க்காமலே, பாரமாக இருக்கும்போலிருக்கிறதே என்றார். அதைவிட இலேசாக, சுடர் பள்ளத்துக்குள் பதுங்கி எரிகிற மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தான். இரைகிறதே என்றார். அது ஃபேன் சத்தம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டான்.

கல்லாவில் இருந்த முதலாளி எட்டிப் பார்த்து முறைத்துவிட்டுப் போனார். வாசலில் வேறு ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ரேடியோ கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான். உள்ளே இருந்தது அடுப்பும் பாத்திரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் ரகம். மடக்கினால் ஒரு சொம்புக்குள் அடங்கிவிடும். தண்ணீர் ஊற்றிப் பற்றவைத்து, ஃபேனை முழு வேகத்தில் விட்டான். போதாததற்கு ஒரு அட்டையை எடுத்துத் தானும் விசிறினான். அந்த அம்மாவின் முடி கலைந்தது, துப்பட்டா பறந்தது. சுடர் மட்டும் அசையவில்லை. பாத்திரத்துக்குள் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

நர்ஸம்மாவின் கண் கலங்கிவிட்டது.

ரேடியோவுக்குப் பெருமை பிடிபடவில்லை. “இதுக்கு மேல ஒண்ணு கிடையாதும்மா. புயலே அடிச்சாலும் அணையாது. ஒரு வாரம் என்ன, சார் ஒரு மாசம்கூட அங்கேயே உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கலாம்” என்றான்.

அந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வேற ஏதாவது இருக்கா தம்பி?” என்றார்.

ரேடியோ ஃபேனை நிறுத்திவிட்டு தானும் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தான். கடையில் உள்ள நல்லதையெல்லாம் காட்டியாயிற்று.

“உங்களுக்கு எந்த மாதிரி வேணும்னு வாய்விட்டுச் சொல்லுங்கம்மா. எங்க இருந்தாலும் தேடித் தரேன்.”

நர்ஸம்மா முன்பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். குரல் தாழ்ந்தது.

“டீ கிடைக்கலைன்னா அவர் மறுநாளே இறங்கி வந்துடுவார் தம்பி, காத்துல அணைஞ்சுபோற அடுப்பா ஒண்ணு கொடுங்க.”