மாற்கு திருநாளுக்கு அடுத்த ஞாயிறு

ஹன்னா சக்டன் கண் கலங்க முட்டைக் கூடையை நீட்டியபோது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார் பாதிரியார் கார்ஸ்வெல்.

போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அவர் கிழித்துத் தொங்கவிட்டது இவளைத்தான்.

மாற்கு திருநாளுக்கு முந்தைய இரவில் ஊர்க்காரர்களின் உருவங்கள் தேவாலயத்துக்குள் நடந்துபோகுமாம். பிழைத்திருக்கப் போகிறவர்கள் திரும்பி வருவார்கள். அந்த ஆண்டு சாகப்போகிறவர்கள் வரமாட்டார்கள். யார்க்‌ஷயரின் அந்த மேட்டு ஊரில் இதைச் சந்தேகப்பட்டவர் பாதிரியார் ஒருவர்தான். முகப்பு மண்டபத்தின் இருட்டில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வது ஹன்னாவின் வேலை.

"இந்தப் பெண்ணுக்குப் பயப்படுவதில் பாதியாவது ஆண்டவருக்குப் பயப்படுங்கள்!" என்று மேடையைக் குத்திப் பேசினார் பாதிரியார். கேட்டவர்கள் எட்டுப் பேர். அதில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

அவர் தென் இங்கிலாந்துக்காரர். வந்து இரண்டு வருடமாகியும் ஒரு வீட்டில்கூட அவரைத் தேநீருக்குக் கூப்பிட்டதில்லை. எதிரே வந்தால் ஆடு தொலைந்ததுபோல் மலைப்பக்கம் பார்ப்பார்கள். இந்த ஞாயிறும் எட்டுப் பேர்தான் என்றால் அக்கா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவுசெய்து, புத்தகங்களில் பாதியைப் பெட்டியில் அடுக்கியும் விட்டார்.

இன்றைக்கு உட்கார இடமில்லாமல் சுவரோரமாக நின்றார்கள்.

ஒருவரும் தூங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். பிரசங்கம் கூரை ஒழுகுவதைப் பற்றியது. அதில் அழவேண்டிய இடம் எது என்று அவருக்கே தெரியவில்லை.

ஆராதனை முடிந்து, இப்போது வாசலில் வரிசையாக நின்று அவருக்குக் கை கொடுத்தார்கள்.

"நல்லா சாப்பிடுங்க ஐயா. எதையும் நாளைக்குன்னு எடுத்து வைக்காதீங்க," என்றாள் ஹன்னா.

மனம் திரும்பிய பாவியின் கையை அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

அடுத்து சேத் ஆடி. கோயில் மணி அடிக்கிறவன். மணிக்கூண்டில் பீர் குடிக்கக் கூடாது என்று சொன்ன நாளிலிருந்து அவரோடு பேச்சில்லை.

"அன்னைக்குக் கோபத்துல என்னென்னமோ பேசிட்டேன் ஐயா. அதை மனசுல வெச்சுக்கிட்டுப் போயிடாதீங்க."

"நான் எங்கேப்பா போகப்போறேன்? இங்கேயேதான் இருப்பேன்!"

சேத் உதட்டைக் கடித்துக்கொண்டு கல்லறைகளைப் பார்த்தான்.

"ஆமாங்க ஐயா. இங்கேயேதான்."

தபால் நிலையத்துத் திருமதி லம் அவனை முழங்கையால் நகர்த்திவிட்டு முன்னே வந்தாள்.

"உங்க வீட்டுக் கூடத்துல ஒரு கடிகாரம் இருக்கே, என்ன அழகு! ஏன் ஐயா, உங்களுக்குன்னு சொந்தக்காரங்க யாராவது...?"

"ஒரே ஒரு அக்கா."

"ரொம்பத் தூரமோ?"

"ரொம்பத் தூரம்."

"அடப் பாவமே," என்று முகம் மலர்ந்தாள் திருமதி லம்.

இந்த ஊரில் ஒருவர் அவர் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பது இதுவே முதல்முறை. ஒரே ஒரு பிரசங்கம். பகுத்தறிவுக்கு இவ்வளவு பலமா? வீட்டுக்குப் போனதும் புத்தகங்களைத் திரும்ப அலமாரியில் வைக்கவேண்டும்.

கடைசியாக வந்தவர் தச்சர் ஜேபஸ் தாக்ரே. தொப்பியைக் கையில் சுருட்டியபடி பாதிரியாரைத் தலையிலிருந்து செருப்புவரை பார்த்தார். பிறகு இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை.

"ஓக் மரமா, எல்ம் மரமா ஐயா?"

"எதுக்கு?"

"இப்பவே கேக்குறானேன்னு நினைக்காதீங்க. பச்சை மரத்துல பெட்டி அடிச்சா கோணிக்கும். இந்தக் கோடையில காயப்போட்டாத்தான் கச்சிதமா வரும். கண்டவனுக்கு அடிக்கிற மாதிரி உங்களுக்கு அடிக்க எனக்கு மனசு வரலை."

"என்ன பெட்டி, ஜேபஸ்?"

ஜேபஸ் திரும்பி ஹன்னாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ பொய் சொல்ற ஆள் இல்லைங்க. வெள்ளை அங்கி போட்டுக்கிட்டு நீங்க உள்ள போயிருக்கீங்க. விடியிற வரைக்கும் குளிர்ல காத்துக் கிடந்திருக்கா, எப்படியாவது வந்துட மாட்டீங்களான்னு. வரலை."

பாதிரியார் சிரிப்பதற்கு வாயைத் திறந்தார்.

இந்த வாரம், மாற்கு திருநாளுக்கு முந்தைய இரவில் படுக்கையிலிருந்து எழுந்து, வெள்ளை இரவு அங்கியோடேயே, ஹன்னாவைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனார். வழியில் விளக்கு காற்றில் அணைந்துவிட்டது. மண்டபத்தில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. உள்ளே போய்த் துழாவிப் பார்த்தார். அங்கேயும் இல்லை. குளிரில் பல் கிட்டித்துப்போய், பின்பக்கக் கதவைத் திறந்து, தோட்டத்துக்குள் குறுக்கே நடந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஊர் வாய்விட்டுச் சிரிக்கும். ஹன்னாவை இனிமேல் யாரும் நம்பமாட்டார்கள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. புல்லில் அங்கங்கே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேத் அவருடைய குடையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். இன்று மதியம் எந்த வீட்டில் அவருக்குச் சாப்பாடு என்று இரண்டு பெண்கள் தணிந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாற்கு திருநாளுக்கு முழுசாக ஒரு வருடம் இருந்தது.

"ஓக் மரமே இருக்கட்டும்," என்றார் பாதிரியார்.