நாற்பது நிமிடப் பயணம்

பந்தெல்லேரியா தீவிலிருந்து சிசிலியின் திராபனி நகருக்கு நூற்று முப்பது கிலோமீட்டர். விமானத்தில் நாற்பது நிமிடம். கர்ப்பிணிகளை ஸ்கேனுக்கு அங்கே அழைத்துப்போகும் நர்ஸ் நான். இருபது வருடத்தில் என் மாதக் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அன்று அசுந்தாவோடு போனேன். அவளுக்கு ஏழு மாதம். சக்கரம் தரையைத் தொட்டபோது வலி கண்டது. அவளை இறக்குவதற்குள் பெண்குழந்தை பிறந்துவிட்டது.

குறைமாதக் குழந்தைக்கான பெட்டியோடு ஓடிவந்த டாக்டர் எடை பார்த்தார். மூன்றரைக் கிலோ.

“பத்து மாசம் நிறைஞ்ச குழந்தைம்மா இது. உங்க கணக்கு தப்பு.”

“என் கணக்கு தப்பாது டாக்டர். காலையிலகூட வயித்தை அளந்தேன். ஏழு மாசம்தான்.”

கடிகாரத்தைப் பார்த்தேன். தீவிலிருந்து கிளம்பி ஐம்பத்தைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

அசுந்தா குழந்தையை அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

“காலையிலயா? என்னக்கா, மூணு மாசமா வழியெல்லாம் தினமும் தொட்டுப் பாத்து நாள் எண்ணினது நீங்கதானே?”