மெத்தை போட்ட சீட்

வேனின் கதவு திறக்கவில்லை. பெரியவள் ஒரு காலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தகரம் கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கம், பிடித்து வைத்த வண்டிகளெல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த இடம். சாமான் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, காவலர் நிழல் தேடிப் போய்விட்டார். மோதின லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து மதியம் ஆள் வந்து படம் எடுப்பானாம். அதற்கு முன்னால் வேலை முடிந்தாக வேண்டும்.

கொஞ்சம் தள்ளிச் சின்னவள் நின்றாள், இடுப்பில் பிள்ளையோடு. அண்ணன் பெண்டாட்டி இவள், தம்பி பெண்டாட்டி அவள். போன வாரம் வரை வாய்க்கு வாய் அக்கா என்றவள், இப்போது முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

எப்படிப் பார்ப்பாள்? அவள் புருஷன் மண்ணுக்குள் போய்விட்டான். இவள் புருஷன் ஒரு காலைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கண் திறந்ததும் போலீஸிடம் அவன் சொன்ன முதல் வார்த்தையே, நான்தான் ஓட்டினேன் என்பதுதான்.

அண்ணன் தம்பி இருவருக்கும் சோபா ரிப்பேர் தொழில். பழைய சோபாவைப் பிரித்து, பஞ்சு மாற்றி, ரெக்ஸின் தைத்துக் கொடுப்பார்கள். வேன் இரண்டு பேருக்கும் பொது. இன்சூரன்ஸ் ஒரு வருஷம் அண்ணன் கட்டுவான், மறு வருஷம் தம்பி. இந்த வருஷம் அவன் முறை என்று இவன் நினைக்க, இவன் முறை என்று அவன் நினைக்க, இருவரும் நிம்மதியாகச் சுற்றியிருக்கிறார்கள். வாயைத் திறந்து கேட்டால் கணக்குப் பார்ப்பதுபோல் ஆகிவிடுமோ என்று கேட்டுக்கொள்ளவும் இல்லை. அப்படி ஒரு மரியாதை. நாசமாய்ப் போன மரியாதை.

வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டினவன் தலையில் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி பழியைக் கட்டிவிடும், அவனுக்குச் சல்லிக்காசு வராது, தப்பு முழுக்க லாரிக்காரனுடையதாகவே இருந்தாலும் சரி. மேலே கேஸ் வேறு. பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வந்தவனுக்குத்தான் நஷ்டஈடு. அவன் இல்லையென்றால் அவன் பெண்டாட்டி பிள்ளைக்கு.

அதையும் சின்னவள் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுதான் முதலில் குதித்தாள். பிள்ளை முகத்தைக் காட்டித்தான் சம்மதிக்க வைத்தார்கள்.

பெரியவன் ஆள் கட்டை. சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்ட இழுத்து, தானே தைத்த சிவப்பு மெத்தையை அடியில் போட்டால்தான் அவனுக்கு ரோடு தெரியும். ராஜா சிம்மாசனம் ஏறிட்டார் என்று தம்பி கிண்டலடிப்பான். தம்பியோ நெடுநெடுவென்று வளர்ந்தவன், வாசலில் குனிந்துதான் நுழைவான்.

காலையில் ஆஸ்பத்திரியில் பெரியவன் அவளைக் குனியச் சொல்லிக் காதில் ஒன்று சொன்னான். என்னால் முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள். வந்ததென்னவோ நேராக இங்கே.

மூன்றாவது இழுப்பில் கதவு கையோடு வந்தது.

ஓட்டுகிற சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. சிவப்பு மெத்தை பின்பக்கம் பஞ்சு மூட்டைமேல் கிடந்தது.

காலையில் புருஷன் சொன்னது நிஜம்தான். அன்றைக்கு ஓட்டியது தம்பி.

அதோடு இதையும் காதில் சொல்லியிருந்தான்: "சீட்டை முன்னால இழுத்து விட்டு, மெத்தையைப் போட்டுட்டு வா. அவகிட்ட மூச்சு விடாத. நாளைக்குக் கோர்ட்டுல நிக்கப்போறவ அவதான், அவளுக்குப் பொய் சொல்ல வராது."

இருவரையும் வெளியே இழுத்துப் போட்டது வழியில் போனவர்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தான் என்று அவர்களுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? இனி இந்தச் சீட் சொன்னால்தான் உண்டு.

அப்படியே விட்டுவிட்டுப் போனால் என்ன? அந்த நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை. மயக்கத்தில் உளறினான் என்று வக்கீல் சமாளித்துக்கொள்வார். அவனுக்கு இன்னும் ஆபரேஷன் இருக்கிறது, கட்டைக்கால் வாங்க வேண்டும், காலால் மிதிக்கிற தையல் மிஷினை இனி யார் மிதிப்பது? உள்ளதை உள்ளபடி விட்டால் போதும், நஷ்டஈடு அவனுக்கு வரும். இதில் பொய்கூட இல்லை.

பிள்ளை அவளைப் பார்த்துவிட்டு, பெரிம்மா என்று கையை நீட்டியது. சின்னவள் வெடுக்கென்று அந்தக் கையை மடக்கிப் பிடித்து, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் புருஷன்தான்டி ஓட்டினான் என்று கத்திவிட்டால் என்ன? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்தத் தெத்துப்பல் சிரிப்போடு அண்ணி என்று வந்து நிற்கிறவன் ஞாபகமும் கூடவே வந்து தொலைத்தது.

குனிந்து சீட்டுக்கு அடியிலிருந்த கம்பியை அழுத்தினாள். நகரவில்லை. முட்டி போட்டு, தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கடகடவென்று முன்னால் போய் ஸ்டியரிங்கில் இடித்து நின்றது. மெத்தையை எட்டி எடுத்து, கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டுப் போட்டாள். கைப்பழக்கத்தில் சுருக்கத்தை நீவியும் விட்டாள்.

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவள் இறங்கியபோதுதான் சின்னவள் பக்கத்தில் வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள். அவள் உதடு கோணிக்கொண்டது.

"மெத்தை போட்டு, சொகுசா உக்காந்து ஓட்டியிருக்கான், என் புருஷனைக் கொன்னவன்."

பெரியவள் தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமா" என்றாள்.