குழலில் பொறித்த பெயர்

துப்பாக்கிப் பட்டறைக்கார ஆர்லோ இரண்டு தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை நீளவாக்கில் பாதியாக அறுத்து, மேசைமேல் என் முன்னால் வைத்தான்.

இடது பக்கம் இருந்தது கார்மடி. என் அப்பா வடிவமைத்து எங்கள் குடும்பப் பெயர் வைத்த தோட்டாவின் கூடு. எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தின் ஆயிரம் கெஜப் போட்டியில் வென்றவர் பலகையில் முப்பத்தொரு வருடங்கள் அந்தப் பெயரைத் தவிர வேறு பெயர் ஏறியதில்லை.

வலது பக்கம் இருந்தது ஹால்வர்சன் வீட்டுத் தோட்டாவின் கூடு. கடந்த மூன்று வருடங்களாகப் பலகையில் ஏறிக்கொண்டிருக்கும் பெயர்.

அந்த வீட்டாரோடு எனக்குப் பத்தொன்பது வருடங்களாகப் பேச்சு கிடையாது. காரணம் மாண்டானா மாநிலத்தில் எங்கள் பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெரியும். என்னிடம் அதை யாரும் கேட்பதில்லை.

ஜூலைப் போட்டிக்கு என் துப்பாக்கியில் புதுக் குழல் போட வேண்டும். எனக்கு எழுபத்தாறு வயது. பலகையில் எங்கள் பெயரை மறுபடி ஏற்ற இன்னும் எத்தனை ஜூலை மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இப்போது எல்லோரும் கூட்டின் வாயில் செருகிச் சுடுவது கனமான புதுக் குண்டுகள். சுண்டுவிரலில் இரண்டு கணு நீளம். ஆயிரம் கெஜத்தில் குறுக்குக் காற்று அவற்றை அவ்வளவாக நகர்த்துவதில்லை.

ஒன்றை எடுத்து அப்பாவின் கூட்டில் வைத்தேன். அதன் வால் கூட்டின் கழுத்தைத் தாண்டி, வெடிமருந்து இருக்க வேண்டிய வயிற்றுக்குள் இறங்கியது.

வெளியே இழுத்து வைத்தேன். குட்டைக் கழுத்து அதன் வால் நுனியை மட்டுமே பிடித்தது. குண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அப்பாமேல் குற்றம் இல்லை. அவர் காலத்துக் குண்டு இதில் பாதிதான்.

அதே குண்டை மற்றக் கூட்டில் வைத்தேன். நீண்ட கழுத்து நேராகப் பிடித்துக்கொண்டது. வால் கழுத்தின் அடியோடு நின்றது. மருந்தின் இடத்துக்குள் மயிரிழைகூட நுழையவில்லை.

நான் அவசரப்படவில்லை. அந்தக் கூட்டின் வரைபடத்தைக் கேட்டு வாங்கினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அளவாகச் சரிபார்த்தேன். ஒரே ஒரு தப்பு கிடைத்தால் போதும், எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் தேடினேன்.

அரை மணி நேரம் ஆயிற்று. கிடைக்கவில்லை.

அடுப்பருகே காப்பி குடித்துக்கொண்டிருந்த டெல்பர்ட்டுக்குப் பொறுக்கவில்லை. என் வயசுக்காரன், போட்டிகளில் எனக்கு அடுத்து இரண்டாவதாக வந்தே பழகியவன்.

“என்ன வாரன், பரீட்சைப் பேப்பரா திருத்துற? பாஸா ஃபெயிலா, சொல்லித் தொலை.”

“பாஸ்.”

“கார்மடி துப்பாக்கியில ஹால்வர்சன் தோட்டாவா! உங்கப்பா கல்லறையில எழுந்து உட்கார்ந்துருவாரு, போ.”

“உட்காரட்டும். கையில இந்த ரெண்டையும் குடுத்தா அவரும் இதைத்தான் எடுப்பாரு.”

ஆர்லோ கடைசல் எந்திரத்தில் குழலைப் பூட்டினான். கூடு உட்காரும் அறையை ஒருமுறை குடைந்துவிட்டால் அந்தக் குழல் வேறு தோட்டாவைச் சுடாது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

டெல்பர்ட் நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை.

மத்தியானத்துக்குள் குடைந்து முடித்தான். மிச்சம் இருந்தது பெயர். எந்தத் தோட்டாவுக்கான குழல் என்று மேலே பொறிப்பது வழக்கம். தவறான தோட்டாவை யாரும் போட்டுவிடக் கூடாதே.

ஆர்லோ எழுத்து அச்சுகள் இருந்த பெட்டியைத் திறந்தான். என்னைப் பார்க்காமல் பேசினான்.

“மிஸ்டர் கார்மடி, குண்டோட அளவை மட்டும் போட்டுரட்டுமா? பேரு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதும்ல?”

“உள்ள போறதோட பேரை மறைக்கிற பழக்கம் எங்க வீட்டுல இல்ல. முழுசாப் போடு, ஆர்லோ. நல்லா ஆழமா.”

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுத்தியல் அடி. கடைசி எழுத்து விழும்வரை நின்று பார்த்தேன்.

அந்த ஹால்வர்சன் கூட்டை வரைந்து வடிவமைத்தது என் மகள் மார்லா.

கல்யாணம் செய்துகொள்ள ஹால்வர்சன் வீட்டுப் பையனோடு அவள் காரில் ஏறிய அன்று, இனி கார்மடி என்ற பெயரை எதிலும் போடக் கூடாது என்று வாசலில் நின்று அவளிடம் சொன்னவன் நான்.

தன் தோட்டாவுக்குப் பெயர் வைத்தபோதுகூட அந்தச் சொல்லை அவள் தட்டவில்லை.