பல் தெரியும்படி ஒரு போட்டோ

மூன்றாவது ஆல்பத்தையும் மூடிவிட்டுப் பல் டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

அவள் கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. வாய் திறந்து, முன்பல் தெரியச் சிரிக்கிற போட்டோ ஒன்று. அதைப் பார்த்துத்தான் பல்செட்டின் முன்வரிசையை அமைப்பாள். போட்டோ இல்லாமலும் செய்யலாம், ஆனால் அது வேறு யாருடைய பல்லையோ வாங்கி வைத்த மாதிரி இருக்கும்.

சாய்வு நாற்காலியில் ரிடையர்டு ஹெட்கிளார்க்கின் மனைவி படுத்திருந்தாள். அறுபத்தொன்பது வயது. ஈறு நோயில் ஒவ்வொன்றாக ஆடி விழுந்து, மிச்சமிருந்த பற்களையும் போன மாதம் வேறோர் ஆஸ்பத்திரியில் பிடுங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து கைக்குட்டையும் வாயுமாகவே இருக்கிறாள்.

பக்கத்து ஸ்டூலில், மடியில் காலியான துணிப்பையோடு ஹெட்கிளார்க். ஆபீஸில் அவருக்கு ‘வெடிச்சிரிப்பு’ என்று பெயர். அவர் மூன்றாம் மாடியில் சிரித்தால் கீழே வாசலில் வாட்ச்மேனுக்கும் சிரிப்பு வந்துவிடுமாம்.

போன தடவை வந்தபோது டாக்டரம்மாவிடம் அளந்து தள்ளியிருந்தார். வயசு ஏற ஏறத்தான் சந்தோஷம் கூடுகிறது, பிள்ளைகள் அவரவர் வழியில் போய்விட்டார்கள், ஒரு பிக்கல் பிடுங்கல் இல்லை, இனிமேல் நாங்கள் இரண்டு பேரும் ராஜா ராணி என்றார்.

ராணி அப்போதும் கைக்குட்டைக்குப் பின்னால்தான் இருந்தாள்.

ஆல்பம் முழுக்க ராஜா சிரித்துக்கொண்டிருந்தார். மகனின் முதல் பிறந்த நாளில் கடைவாய்ப்பல் தெரிய. புது ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து. மகள் பட்டம் வாங்கிய அன்று கண் இடுங்க. இந்நேரம் டாக்டரம்மாவுக்கு அவருடைய முப்பத்திரண்டு பல்லும் மனப்பாடம் ஆகியிருக்கும்.

பக்கத்தில் அவள். எல்லாவற்றிலும் வாய் மூடியிருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல நேரே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எங்க வீட்டம்மாவுக்குக் கேமரான்னா கூச்சம், டாக்டர். வீட்டுல பார்க்கணுமே நீங்க!”

சொன்ன சூட்டோடு, வீட்டில் எப்போது என்று அவரே யோசித்தார்.

எத்தனையோ சிரிப்பு நினைவுக்கு வந்தது. எல்லாம் அவர் சிரித்தது. அவர் ஒரு ஜோக்கை எடுத்துவிடுவார், அவள் டீ ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். அதையும் ஒரு மாதிரிச் சிரிப்பு என்றே இத்தனை நாள் எடுத்துக்கொண்டிருந்தார்.



முதல் ஆல்பத்தை இழுத்து மறுபடியும் பிரித்தார். பிளாஸ்டிக் உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படுத்தின.

இப்போது அவர் பல்லுக்காகத் தேடவில்லை. நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இவள் நம்மோடு இருந்து வாய்விட்டுச் சிரித்தாள் என்று தெரிந்தால் போதும். இல்லையென்றால் என்ன செய்வது? இனிமேல் எடுத்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. அவளுக்குப் பல் இல்லை, இரண்டு பேருக்குமே நாள் அதிகமில்லை.

மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து கைப்பையைத் திறந்தாள். உள் ஜிப்பிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினாள். அவரிடம் நீட்டவில்லை.

“அடேங்கப்பா! இதைத்தாம்மா கேட்டேன். இதே சிரிப்பை அப்படியே கொண்டு வந்துடலாம்.”

அவர் ஸ்டூலிலிருந்து எக்கிப் பார்த்தார்.

அவர்கள் வீட்டுச் சமையலறைதான். தரையில் சப்பணமிட்டு அவள். முதுகில் மகன், மடியில் மகள், மூன்று பேர் மூக்கிலும் மாவு. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறியிருந்தது. அவளுக்கு அப்படி ஒரு பல் இருந்ததே அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

எடுத்து எடுத்துப் பார்த்ததில் போட்டோவின் ஓரமெல்லாம் மழுங்கியிருந்தது.

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. ஒன்று இருக்கிறது. நான் சொல்லவில்லையா என்று டாக்டரம்மாவிடம் சொல்ல வாயெடுத்தவர், மூலையில் கேமரா பதித்திருந்த ஆரஞ்சு நிறத் தேதியைப் பார்த்தார்.

அந்த வருஷம், அந்த மாதம், அவர் வீட்டில் இல்லை.

சட்டைப் பொத்தான் தைத்து வைக்கவில்லை என்று ஆரம்பித்த சண்டை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவர் ஐந்து மாதம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் இல்லாமல் தவிக்கட்டும் என்று வீம்பாக இருந்தார். அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான், பாவம், போனால் போகிறது என்று மனைவியை மன்னித்து வீடு திரும்பினார்.

கதவைத் திறந்தவள் அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

முப்பத்தைந்து வருஷமாக அந்த அழுகையைத்தான் அவர் பாசம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.