கையும் களவுமாக

திருடனின் இடுப்பிலிருந்து சாவிக்கொத்து விழுந்ததும் சுப்பராயனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மோட்டார் ரூம் பூட்டில் கை வைத்திருந்தவனைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியது அவர்தான். சென்னீர்குப்பத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளர் அவர். குடியிருப்போர் சங்கத் தேர்தலில் நின்று ஜெயித்தவர்.

இன்றைக்குப் பார்த்து மாட்டினானே, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி! பத்து மணிக்குப் பொதுக்குழு. பொறுப்பாளர் போலீஸ்காரர்களிடம் பயிற்சி எடுக்க வேண்டும், வாட்ச்மேனைப் போல அவரும் லீவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பதவி காலி என்று மூன்றாம் மாடி மங்களம் தீர்மானம் கொண்டுவருகிறாள். ஓட்டு வாங்கியவனுக்கு எதற்கு டிரெய்னிங் என்று இவர் வாட்ஸ்அப் குரூப்பில் எகிறியிருந்தார்.

லீவு விஷயம்தான் உறுத்தியது. நான்கு நாள் காய்ச்சல் என்று கதவைச் சாத்தியவர், உண்மையில் குடும்பத்தோடு ஊட்டியில் இருந்தார். படகில் போகும்போது வந்த போன்களுக்கெல்லாம் யார், என்ன என்று கேட்காமல் "சரி சரி, நீயே பாத்துக்க" என்று வைத்துவிட்டார். திரும்பியது இன்று விடிகாலைதான்.

கூட்டம் கூடிவிட்டது. ஐ.டி. கம்பெனி ரோஹித் முதல் அடியைக் கொடுத்தான். பனியன் கிழிந்த அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டான்.

"கன்னியப்பன் மாமாதான் சாவிய குட்த்தாரு சார்."

கன்னியப்பன் ஆறு வருஷமாக இங்கே வாட்ச்மேன். ரோஹித் ஓடிப்போய்ப் பார்த்தான், கேட்டில் ஆளில்லை. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது என்று எல்லோருக்கும் வெறி ஏறியது. மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசப் பிடிபட்டவனை யாரும் விடவில்லை. சுப்பராயன் கீழே கிடந்த இரும்புக் குழாயை எடுத்தார். மூன்றாவது அடியில் அவன் சாய்ந்தான். காதோரம் ரத்தம் வழிந்தது.

மங்களம் ஓடிவந்து குறுக்கே நின்றாள். முதலில் கன்னியப்பனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றாள். கேட்டால் போகிறது என்று சுப்பராயன் போனைக் காதில் வைத்தார்.

"கும்புடறேன் சார். அம்மா கருமாதி நல்லபடியா முஞ்சிது. போன்ல ஒரே வார்த்தைல சரின்னு லீவு குட்த்தீங்க, உங்க புள்ளகுட்டிங்க நல்லாருக்கணும். நாலு நாளா என் மச்சினன் டில்லிபாபு டூட்டி ஒயுங்கா பாத்தானா சார்? காக்கிச் சட்டய தோச்சிப் போட்டுட்டு மோட்டார் போடப் போறேன்னு இப்பதான் பேசினான்."

சுப்பராயன் கீழே கிடந்தவனைப் பார்த்தார். சுற்றி நிற்பவர்கள் நான்கு நாளாக அந்தக் காக்கிச் சட்டையைத் தாண்டித்தான் போய் வந்தார்கள். முகத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. டில்லிபாபுவிடம் அசைவும் இல்லை.

என்ன சொல்கிறான் என்று மங்களம் கேட்டாள். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். மணி ஒன்பதே முக்கால்.

சுப்பராயன் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒத்துக்கிட்டான்."