தோளில் ஒட்டிய வில்லை

நாற்பத்து மூன்று வயதில் கருத்தரிப்புச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தாள் பூங்கோதை. மருந்து குறைந்த அளவுதான். ஆனால் கண்காணிப்பு அதிகம்: தோளில் ஒட்டியிருந்த சென்சார் வில்லை அவளுடைய ஹார்மோன் அளவை நொடிக்கு நொடி கணவன் இளவழகனின் போனுக்கும் மாமியார் போனுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது.

வங்கியில் வேலையாக இருந்தபோது மாமியார் அழைத்தார். "அளவு இறங்குதேம்மா! யார்கிட்டயாவது கோவப்பட்டியா?"

உடனே இளவழகன். "படி ஏறாத, லிஃப்ட்ல போ."

பூங்கோதைக்கு இருப்புக்கொள்ளவில்லை. அளவு டாக்டருக்கு மட்டும் போகும்படி மாற்றிவிட்டாள்.

இளவழகன் பதறிக்கொண்டு வங்கிக்கே ஓடிவந்தான். "போன்ல ஒண்ணுமே தெரியல. எப்படி இருக்க?"

சிகிச்சை தொடங்கிய பிறகு அவன் அப்படிக் கேட்டதே இல்லை.

"பயமா இருக்குங்க" என்றாள்.

"எனக்கும்தான்" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.